மருந்தின் வாழ்நாள்: நுண்ணுயிர்க்கொல்லிகளின் உறுதிநிலைச் சோதனை

மக்கட்கு வாழ்நாள் உண்டு. அதனை முன்னரே அளந்து கூறுவார் எவருமிலர். மருந்துக்கும் வாழ்நாள் உண்டு. அஃதோ அளந்து கூறப்பட்டு, மாதமும் ஆண்டுமாகப் போத்தலின் மேல் அச்சிடப்பட்டிருக்கின்றது. அத்திகதியை வாசித்து மருந்துண்போர் சிலர். அதனைக் குறித்தவர் யார், எவ்வாறு கண்டு குறித்தார், எந்த நாட்டு வெயிலை எண்ணிக் குறித்தார் என வினவுவோர் அவரினும் சிலர். இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழாசிரியர் இரசாயனம் பேசப் புகுவது அயலான் வேலிக்குள் ஆடு புகுவது போன்றதென்று விஞ்ஞானத் துறை நண்பர் நகைத்தல் கூடும். அவர்க்கு நாம் கூறும் விடை இது. 1847 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயிலிருந்து தமிழில் மருத்துவம் கற்பித்த கிறீன் வைத்தியரின் முயற்சியால் 'கெமிஸ்தம்' என்னும் நூல் 1875 இலேயே தமிழில் வெளிவந்துவிட்டது. இந்நாட்டுத் தமிழர்க்கு இரசாயனம் தம் மொழியிற் கிடைத்து ஒன்றரை நூற்றாண்டு கழிகின்றது. ஆதலின் வேலி என்று ஒன்று இருந்ததாக நாம் கருதவில்லை.

நோய்க்கிருமிகளைக் கொல்வனவும் அவை பெருகாது தடுப்பனவுமாகிய மருந்துகளை நுண்ணுயிர்க்கொல்லி என நம் பாடநூல்கள் வழங்குகின்றன. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மருந்துக்கடையில் நிற்போர் 'அன்ரிபயோற்றிக்' என்பர். பெயர் யாதாயினும் பொருள் ஒன்றே. பெனிசிலின், அமொக்சிசிலின், ரெற்றாசைக்கிளின், றிபாம்பிசின் என்பன இவ்வினத்தைச் சேர்ந்தவை.

மருந்து காலத்தாற் கெடும் என்னும் உணர்வு நம் முன்னோர்க்குப் புதிதன்று. சித்த மருத்துவர் அகமருந்துகளை முப்பத்திரண்டாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஆயுள் வரையறுத்தனர். குடிநீர், சாறு, சுரசம் என்பவற்றுக்கு ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம். சூரணத்துக்கு மூன்று மாதம். இளகத்துக்கு ஆறு மாதம். செந்தூரத்துக்கு எழுபத்தைந்து ஆண்டு. பற்பத்துக்கு நூறு ஆண்டு. சுண்ணத்துக்கு ஐந்நூறு ஆண்டு என்பது அவ்வரையறை. இந்நிரலை ஊன்றி நோக்குவார்க்கு ஓருண்மை புலனாகும். நீர் மிக்க மருந்து விரைந்து கெடும். உலர்ந்த மருந்து தாழ்த்துக் கெடும். தீயிற் புடமிட்டு உயிர்ப்பொருள் யாவும் நீங்கிய மருந்து நெடுநாள் நிற்கும். நீரே மருந்தின் முதற் பகை என்பதை அவர் அனுபவத்தால் உணர்ந்திருந்தனர். ஐந்நூறு ஆண்டுக் கணக்கை எவர் இருந்து பார்த்தனர் என்று மாணவர் கேட்பின், அக்கேள்வி நேரியதே. இற்றை ஆய்வுகூடமும் அதே கேள்விக்குத்தான் விடை தேடுகின்றது: மூன்று ஆண்டு நிற்கும் என்று கூற மூன்று ஆண்டு காத்திருத்தல் வேண்டுமா? இதனைப் பின்னர்க் காண்போம்.

பெனிசிலினின் வரலாறே ஒரு வகையில் உறுதியின்மையின் வரலாறாகும். 1928 இல் இலண்டன் சென். மேரி மருத்துவமனையில் பிளெமிங் என்பார் பூஞ்சணத்தைச் சூழக் கிருமிகள் அழிந்திருந்ததைக் கண்டார். கண்டபின் பன்னிரண்டு ஆண்டுகள் அது மருந்தாகாமைக்குத் தலையாய காரணம், அப்பொருளைப் பிரித்தெடுக்க முயன்றபோதெல்லாம் அது கைக்குள்ளேயே அழிந்துபோனமையாகும். 1932 இல் றெயிஸ்றிக் என்னும் உயிரிரசாயன அறிஞர் அதனை ஈதரில் எடுத்து ஈதரை ஆவியாக்கினார், பெனிசிலின் எஞ்சவில்லை. அவரும் கைவிட்டார். பின்னர் ஒக்ஸ்போட்டில் புளோறி, செயின், ஹீற்லி ஆகியோர் முயன்றனர். குளிரிலே, அமிலநிலையில் விரைந்து ஒரு கரைப்பானுக்குள் எடுத்து, மீண்டும் மென்கார நீருக்குள் திருப்புதல் என்பது ஹீற்லி கண்ட வழி. அந்நீரை உறையச்செய்து வெற்றிடத்தில் உலர்த்திய பின்னரே மஞ்சட் பொடி கைக்கு வந்தது. 1941 இல் அதனால் முதன்முதற் சிகிச்சை பெற்ற நோயாளி ஒரு காவலர். மருந்து போதாமையால் அவரது சிறுநீரிலிருந்தே பெனிசிலினை மீட்டு மீண்டும் ஊசியேற்றினர். அங்ஙனம் செய்தும் கையிருப்புத் தீர்ந்து, தேறி வந்தவர் இறந்தார்.

பெனிசிலின் இத்துணை மென்மையுடையதாதல் ஏன்? அதன் மூலக்கூறின் நடுவே மூன்று காபன் அணுக்களும் ஒரு நைத்தரசன் அணுவும் கொண்ட நாற்கோண வளையம் ஒன்றுளது. பீற்றா லக்ரம் வளையம் என்பது அதன் பெயர். டொறதி ஹொட்ஜ்கின் அம்மையார் 1945 இல் எக்ஸ் கதிர்களால் அதனை ஐயமற நிறுவினார். அவ்வாறு ஒரு வளையம் இருத்தல் இயலாதென அக்காலத்துப் பேரறிஞர் சிலர் வாதிட்டதும் உண்டு. அவர் வாதத்திலும் பொருளிருந்தது. இயல்பாக 109 அல்லது 120 பாகையில் நிற்க விரும்பும் பிணைப்புக்களை 90 பாகைக்கு வளைத்துக் கட்டிய வளையம் அது. நாணேற்றிய வில்லைப் போல எந்நேரமும் முறுகி நிற்கின்றது; தொட்டால் தெறிக்கும்.

ஈண்டு ஒரு வியப்பை எடுத்துரைத்தல் வேண்டும். கிருமியின் சுவரைக் கட்டும் நொதியத்தைப் பெனிசிலின் பற்றும்போது அவ்வளையமே திறந்து நொதியத்தோடு பிணைகின்றது. சுவர் கட்டும் பணி நின்று கிருமி சாகின்றது. நீர் மூலக்கூறு ஒன்று முந்திக்கொண்டு அவ்வளையத்தைத் திறந்துவிடின், பெனிசிலோயிக்கமிலம் என்னும் பொருள் உண்டாகின்றது. அதற்குக் கிருமியைக் கொல்லும் ஆற்றல் இல்லை. ஆகவே மருந்தின் வலிமை எவ்விடத்தில் உளதோ அதன் மெலிவும் அவ்விடத்திலேயே உளது. வளையத்தின் முறுக்கை நீக்கி உறுதியாக்கினால் அது மருந்தாகாது. இம்மருந்தை உறுதியாக்கும் முயற்சியெல்லாம் மூலக்கூறுக்கு வெளியே, அதாவது உலர்த்துதலிலும், பொதிதலிலும், குளிரிற் காத்தலிலும் பெரும்பாலும் அமைந்தமைக்குக் காரணம் இதுவே.

நீரேயன்றிப் பிற பகைகளும் உள. அமிலமும் காரமும் நீர்ப்பகுப்பை விரைவுபடுத்தும். வெப்பம் எல்லாத் தாக்கங்களையும் முடுக்கும். ஒளியும் ஒட்சிசனும் சில மருந்துகளைக் கெடுக்கும். ஒரு மருந்து மற்றொரு மருந்தைக் கெடுத்தலும் உண்டு. காசநோய்க்குரிய றிபாம்பிசினும் ஐசோனியசிட்டும் ஒரே வில்லையில் அடைக்கப்படும்போது, இரைப்பையின் அமிலத்தில் பின்னது முன்னதைத் தாக்கிச் சிதைக்கின்றது என்பதை மொகாலியிலுள்ள இந்திய தேசிய மருந்தியற் கல்வி ஆராய்ச்சி நிறுவன அறிஞர் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் விரிவாக ஆராய்ந்து காட்டினர். நண்பரென்று ஒரே அறையில் வைத்த இருவர் இரவில் அடித்துக்கொண்ட கதை போன்றது இது.

கெட்ட மருந்து நோயைத் தீர்க்காது, அவ்வளவுதானே என்று எண்ணுவார் உளர். அவ்வெண்ணம் இருவகையாற் பிழைபடும். முதலாவது, பாதி வலியிழந்த மருந்தை உண்பவன் உடலில் மெலிந்த கிருமிகள் மடிய, வலியன எஞ்சிப் பெருக இடமுண்டாகும். மருந்துக்கு அடங்காக் கிருமிகள் தோன்றும் வழிகளுள் இதுவும் ஒன்று. இரண்டாவது, கெட்ட மருந்து சில வேளை நஞ்சாதலும் உண்டு. ரெற்றாசைக்கிளின் இதற்குச் சான்று. காலங்கடந்து கெட்டுப்போன ரெற்றாசைக்கிளினை உண்ட சிலர்க்குச் சிறுநீரகம் பழுதுற்றதை 1963 இல் அமெரிக்க மருத்துவர் வெளியிட்டனர். உடலிலே தங்கவேண்டிய வெல்லமும், அமினோவமிலங்களும், பொற்றாசியமும் சிறுநீரோடு கழிந்தன. மருந்தை நிறுத்தியபின் அவர்கள் தேறினர். வெப்பத்தாலும் ஈரத்தாலும் அமிலத்தாலும் அம்மருந்து வேறொரு பொருளாய் மாறியிருந்தமையும், அவ்வுறைகளிற் கலந்திருந்த சித்திரிக்கமிலம் அம்மாற்றத்தை விரைவுபடுத்தியமையும் பின்னர்த் தெரியவந்தன. மஞ்சளாயிருந்த பொடி கபில நிறம் அடைதல் அதன் வெளி அடையாளம். ஆயினும் எல்லா மருந்தும் இங்ஙனம் நிறம் மாறித் தன் குற்றத்தைத் தானே கூறுவதில்லை. வெண்மை மாறாத பெனிசிலின் பொடி வலியிழந்திருத்தல் கூடும்.

ரெற்றாசைக்கிளினைப் பற்றிப் பேசுமிடத்து நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லாது விடுதல் முறையன்று. மருந்தியற் பேராசிரியர் சேனக்க பிபிலே அவர்களின் முயற்சியால் 1971 இல் அரச மருந்துக் கூட்டுத்தாபனம் தாபிக்கப்பட்டது. அவரே அதன் முதற் தலைவர். வணிகப்பெயர்களை விடுத்து மருந்தின் பொதுப்பெயரால் கொள்வனவு செய்தல், தேவையான மருந்துகளை மட்டும் தெரிதல் என்பன அவர் வகுத்த கொள்கை. 1974 இல் வாந்திபேதி பரவியபோது ரெற்றாசைக்கிளின் பெருமளவில் தேவைப்பட்டது. கூட்டுத்தாபனம் தான் வேறிடத்தில் வாங்கிய மூலப்பொடியை உறைகளில் அடைத்துத் தருமாறு கொழும்பில் ஆலை வைத்திருந்த பைசர் நிறுவனத்தைக் கேட்டது. நிறுவனம் இணங்கவில்லை. மருந்து வெளிநாட்டிலிருந்து வானூர்தியில் தருவிக்கப்பட்டது. பொருளியலறிஞர் சஞ்சய லாலுடன் சேர்ந்து பிபிலே எழுதிய கட்டுரை 1977 இல் வெளிவந்து இவ்வரலாற்றைக் கூறுகின்றது. அதே ஆண்டில் அவர் கயானா நாட்டிற் காலமானார்.

இந்நிகழ்ச்சியின் அரசியலை வரலாற்றாசிரியர்க்கு விடுவோம். நாம் கருதுவது வேறொன்று. மலிவான மருந்து தரங்குறைந்ததா, அன்றா என்பது அக்காலந்தொட்டு இந்நாட்டில் நிகழும் வழக்கு. விற்போன் சொல்லும் வாங்குவோன் ஐயமும் அவ்வழக்கைத் தீர்க்கமாட்டா. பொடியின் பெயரையும் பிறந்த நாட்டையும் அறியாத ஒரு குடுவையும் ஒரு தராசுமே தீர்க்கவல்லன. 1980 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டமும், அதன் இடத்தில் வந்த 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டமும், அச்சட்டத்தால் அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குமுறைப்படுத்தும் அதிகார சபையும், கொழும்பிலுள்ள தேசிய தர உறுதி ஆய்வுகூடமும் அந்தத் தராசைப் பிடிப்பதற்காகவே உள்ளன. நம்மவர் பலர் நாள்தோறும் கடந்து செல்லும் இரத்மலானையில் 1987 முதல் அரசின் மருந்து உற்பத்திக் கூட்டுத்தாபனமும் இயங்கி வருகின்றது.

இனிச் சோதிக்கும் முறையைக் காண்போம். பழைய முறைகளுள் எளியதும் அழகியதும் அயடீன் நியமிப்பு ஆகும். உயர்தர வகுப்பு இரசாயன மாணவர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். வளையம் உடையாத பெனிசிலின் அயடீனோடு தாக்கமுறுவதில்லை. உடைந்தபின் உண்டாகும் பெனிசிலோயிக்கமிலம் அயடீனை விழுங்கும். இவ்வேற்றுமையே முறையின் உயிர். மருந்துக் கரைசலை இரு பங்காக்குக. முதற் பங்கிற் சோடியமைதரொட்சைட்டைச் சேர்த்துக் கால் மணி நேரம் வைக்க, வளையம் எல்லாம் உடையும். அமிலத்தால் காரத்தை நீக்கி, அளந்த அயடீனைச் சேர்த்துச் சிறிது நேரம் இருளில் வைத்து, எஞ்சிய அயடீனைச் சோடியந்தயோசல்பேற்றால் நியமிக்க. மாப்பொருளின் நீலம் மறையுமிடமே முடிவு. இரண்டாம் பங்கிற்குக் காரம் சேர்க்காது நேரே அயடீனைச் சேர்த்து அவ்வாறே நியமிக்க. காரமிட்ட பங்கு விழுங்கிய அயடீன், உடையாதனவும் முன்னமே உடைந்தனவும் ஆகிய எல்லாவற்றின் கணக்கு. காரமிடாத பங்கு விழுங்கியது, போத்தலிற் கிடந்து முன்னமே கெட்டவற்றின் கணக்கு. முன்னதிலிருந்து பின்னதைக் கழிக்க, உயிரோடிருக்கும் மருந்தின் அளவு கிடைக்கும். மருந்தைக் கொன்று மருந்தை அளக்கும் உபாயம் இது.

மற்றொரு முறை கிருமியையே நடுவராக வைப்பது. கடற்பாசிக் கூழ் பரப்பிய தட்டிலே கிருமிகளை வளர்த்து, சிறு குழியில் மருந்தை இட, மருந்து பரவிய வட்டத்துள் கிருமி வளராது. வட்டத்தின் அகலத்தைத் தெரிந்த வலியுள்ள மருந்தின் வட்டத்தோடு ஒப்பிட்டு வலியறிவர். ஒக்ஸ்போட்டில் ஹீற்லி கையாண்டதும் இதுவே. சில மருந்துகளுக்கு இன்றும் பயன்படுகின்றது. ஆயின் இதன் குறை வெளிப்படை. எஞ்சிய வலி எவ்வளவு என்று கிருமி கூறும். கெட்ட பகுதி என்னவாயிற்று என்று கூறாது. சிறுநீரகத்தைப் பழுதாக்கும் பொருள் உள்ளே கிடப்பினும் வட்டம் அதனைக் காட்டாது.

இக்குறையை நீக்குவது நிறப்பகுப்பு முறை. ருசியத் தாவரவியலறிஞர் சுவெற்று என்பார் 1906 இல் இலைச்சாற்றைச் சுண்ணத்தூள் நிரப்பிய குழாய்க்குள் வடியவிட்டு, நிறங்கள் தனித்தனி வளையங்களாகப் பிரிந்ததைக் காட்டினார். இன்று நுண்டூள் செறித்த உருக்குக் குழாய்க்குள் பேரழுத்தத்தில் மருந்துக் கரைசலைச் செலுத்துகின்றனர். ஆடிவேல் இரதத்தின் பின் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டி நோக்கி நடக்கும் கூட்டத்தை மனக்கண்ணில் கொணர்க. புறப்படும்போது யாவரும் ஒன்றாகவே புறப்படுவர். தண்ணீர்ப் பந்தல்தோறும் மோர் குடிக்க நிற்பவர் பிந்துவர். எங்கும் நில்லாதவர் முந்துவர். வளையற் கடையை விட்டு அகலாத சிறுமியரை உடையவர் யாவர்க்கும் பிந்துவர். கோயில் வாயிலில் நின்று வருவோரை எண்ணுபவர், இன்னார் இந்நேரத்தில் இத்தனைபேர் வந்தனர் என்று கூறலாம். குழாயிலுள்ள தூளே பந்தல், மூலக்கூறுகளே அடியார், குழாயின் முடிவில் ஊதாக்கடந்த ஒளியைப் பாய்ச்சிக் காத்திருக்கும் கருவியே எண்ணுபவர். உயிருள்ள மருந்து ஒரு நேரத்திலும், சிதைந்த பொருள்கள் வெவ்வேறு நேரங்களிலும் வந்து, தாளில் தனித்தனி முகடுகளாக விழும். நூற்றுக்கு அரைப்பங்கினும் குறைந்த அழுக்கையும் இதனாற் காணலாம்.

இம்முறை நம்பத்தக்கதா என்பதையும் முதலிற் சோதிப்பர். மருந்தை வேண்டுமென்றே அமிலத்திலும், காரத்திலும், ஐதரசன் பரவொட்சைட்டிலும், கடுவெப்பத்திலும், ஒளியிலும் வதைத்துச் சிதைத்து, அச்சிதைவுகள் யாவும் மருந்தின் முகட்டோடு கலவாது தனித்து விழுகின்றனவா என்று பார்ப்பர். கலந்து விழுமாயின், கெட்டதையும் நல்லதென்று எண்ணிவிட நேரும். நம் கருத்தில் இந்த முற்சோதனையே முழு வேலையிலும் அறிவு மிகுந்த பகுதி.

இனிக் காலக்கணக்கு. கரைசலில் உள்ள மருந்து பெரும்பாலும் எஞ்சியதில் ஒரு விகிதமாகவே அழிகின்றது. வட்டிக்கு வட்டி வளர்வதை அறிந்தவர் இதனை எளிதில் அறிவர். இது தலைகீழான வட்டி. 1000 மில்லிகிறாம் மருந்து மாதந்தோறும் எஞ்சியதில் நூற்றுக்கு இரண்டு வீதம் அழியுமாயின், முதன் மாத முடிவில் 980, அடுத்த மாதம் 960.4, அதன்பின் 941.2, 922.4, ஐந்தாம் மாதம் 903.9, ஆறாம் மாதம் 885.8 என நிற்கும். நூற்றுக்குத் தொண்ணூறு என்னும் எல்லையை வைத்துக்கொண்டால், அம்மருந்தின் ஆயுள் ஐந்து மாதத்துக்குச் சற்று மேல். எல்லையைத் தொட்டபின் மருந்து ஓரிரவில் நஞ்சாகிவிடுவதில்லை. வலி எவ்வளவு என்று உறுதி கூறுவாரில்லை என்பதே பொருள்.

சுவாந்தே அரேனியசு என்னும் சுவீடிய அறிஞர் 1889 இல் வெப்பநிலைக்கும் தாக்க வீதத்துக்குமுள்ள தொடர்பைச் சமன்பாடாக வகுத்தார். பரும்படியாகக் கூறின், 10 பாகை சதமவளவு ஏற, வீதம் இரு மடங்கு முதல் மும்மடங்காகும். 20 பாகையில் 24 மாதம் நிற்கும் மருந்து, 30 பாகையில் 12 மாதமோ 8 மாதமோதான் நிற்கும். மேலே எழுப்பிய கேள்விக்கு விடையும் ஈண்டே உளது. மூன்று ஆண்டு காத்திராது, மருந்தை 40 பாகை வெப்பத்திலும் நூற்றுக்கு 75 ஈரப்பதனிலும் ஆறு மாதம் வைத்து, அது கெடும் விரைவிலிருந்து மெல்லிய வெப்பத்தில் அது நிற்கும் காலத்தை மதிப்பிடுவர். ஆயினும் மதிப்பீடு மதிப்பீடே. ஆதலின் இயல்பான நிலையிலும் மூன்று தொகுதிகளை, விற்கப்படும் அதே பொதியில் வைத்து, முதலாண்டில் மூன்று மாதத்துக்கொரு முறையும், இரண்டாமாண்டில் ஆறு மாதத்துக்கொரு முறையும், பின் ஆண்டுக்கொரு முறையும் எடுத்துச் சோதிப்பர். வலி, சிதைவு, ஈரம், நிறம், வில்லை நீரில் கரையும் வேகம் ஆகிய யாவும் பார்க்கப்படும்.

இயல்பான நிலை என்றோம். எந்த நாட்டின் இயல்பு? உலக நாடுகளை வெப்பத்தாலும் ஈரத்தாலும் நான்கு வலயங்களாகப் பிரித்துள்ளனர். இங்கிலாந்து போன்ற நாடுகட்கு விற்கும் மருந்தை 25 பாகையிலும் நூற்றுக்கு 60 ஈரப்பதனிலும் வைத்துச் சோதித்தாற் போதும். வெப்பநாடுகள் நான்காம் வலயம். அவ்வலயத்தின் ஈரப்பதன் 65 என்றே நெடுநாள் கொள்ளப்பட்டது. தென்கிழக்காசிய நாடுகள் அது போதாதென்று வாதிட்டு 75 ஐ ஏற்றன. 2005 இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு அவ்வலயத்தை இரண்டாகப் பிரித்து, மிக்க ஈரமுள்ள நாடுகட்கு 30 பாகையும் நூற்றுக்கு 75 ஈரப்பதனும் என்று வகுத்தது. கடற்கரையோரத்து வெள்ளவத்தை வீட்டில் உப்புச் சாடி கசிவதையும், பப்படம் மறுநாளே நமர்ப்பதையும் கண்டவர்க்கு, நமக்குரிய எண் யாதென்று எவரும் சொல்லவேண்டுவதில்லை.

இங்கே நம்மவர் வழக்கம் ஒன்று ஆராயத்தக்கது. இலண்டனிலிருந்தும் தொறொன்ரோவிலிருந்தும் வரும் உறவினர் மருந்துப் போத்தல்களைக் கொணர்ந்து கொடுப்பதும், அவை உள்நாட்டு மருந்தினும் சிறந்தவையென அலுமாரியிற் பத்திரப்படுத்தப்படுவதும் எங்கும் உள்ளன. அப்போத்தலின் திகதி, 25 பாகைக்கு மேற்படாது வைக்குமாறு கூறும் வரியோடு சேர்த்து வாசிக்கவேண்டிய திகதி. அந்த வரி மீறப்பட்ட வீட்டில் அந்தத் திகதிக்குப் பொருளில்லை. வெப்பநாட்டுக்கென்று சோதித்து, ஈயத்தாள் போன்ற அலுமினியக் கீற்றில் பொதிந்த மலிவான வில்லை, இவ்வூரில் அதனினும் நெடுநாள் நிற்றல் கூடும். வெள்ளவத்தையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இரவுப் பேருந்தில் மருந்துப் பொதி அனுப்புவோரும், அது இயந்திரத்தின் அருகே கிடந்து செல்கின்றதா என்று ஒரு முறை கேட்டல் நன்று. காலி வீதியில் மேற்கு நோக்கிய கடைகளின் கண்ணாடிப் பெட்டியில் மாலை வெயில் எத்தனை மணி நேரம் விழுகின்றதென்று மருந்துக்கடை நடத்தும் பழைய மாணவர் பார்த்துக்கொள்வாராக.

திகதி கடந்த மருந்தும் வலியோடிருக்கும் என்று வாதிடுவோர் அமெரிக்கச் சான்று ஒன்றைக் காட்டுவர். அந்நாட்டுப் படைக்கெனச் சேமித்த மருந்துகளை 1986 முதற் சோதித்து, ஆயுளை நீட்டிவந்தனர். 122 மருந்துகளைப் பற்றி 2006 இல் வெளிவந்த அறிக்கை, சோதித்த தொகுதிகளுள் நூற்றுக்கு 88 திகதியின் பின்னும் ஓராண்டாவது நின்றன என்று கூறிற்று. சான்று உண்மையே. ஆனால் அவை முத்திரை உடையாப் பொதியில், வெப்பமும் ஈரமும் கட்டுப்படுத்திய களஞ்சியத்தில் இருந்தவை. தொகுதிதோறும் சோதித்தே நீட்டப்பட்டவை. சமையலறை மாடத்தில் இருக்கும் பாதிப் போத்தலுக்கு அச்சான்று பொருந்தாது.

எல்லாவற்றினும் கவனிக்கவேண்டியது குழந்தைகட்குக் கொடுக்கும் பாணி மருந்து. அமொக்சிசிலின் முதலியன உலர்ந்த பொடியாகப் போத்தலில் வருதல் ஏன் என்பது இதுவரை வாசித்தார்க்கு விளங்கும். பொடியாக இருக்கும்வரை ஆண்டுகள் நிற்கும். நீர் சேர்ந்த கணம் நாட்களே ஆயுள். கிளவுலானிக்கமிலம் கலந்த அமொக்சிசிலின் பாணியைக் குளிர்ப்பெட்டியில் 2 முதல் 8 பாகையில் வைத்து ஏழு நாளுக்குள் முடித்தல் வேண்டும். கொதித்து நன்கு ஆறிய நீரையே, போத்தலிற் கீறிய கோட்டளவுக்குச் சேர்க்கவேண்டும். சுடுநீர் நன்றாகக் கரைக்குமென்று ஊற்றுவோர் மருந்தை முதல் நாளே மெலிவிக்கின்றனர்.

2022 ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் இந்நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டதை எவரும் மறவார். கதவு திறவாத குளிர்ப்பெட்டி ஏறக்குறைய நான்கு மணி நேரம் குளிர் காக்கும். எஞ்சிய நேரத்தில் அப்பாணி மருந்துக்கு நேர்ந்தது என்ன? 5 பாகைக்கும் 30 பாகைக்கும் இடையே 25 பாகை. மேற்காட்டிய பரும்படிக் கணக்கின்படி, முப்பது பாகையில் கழியும் ஒரு மணி நேரம், குளிரிற் கழியும் ஐந்தரை மணி முதல் பதினைந்து மணி நேரத்துக்கு ஈடாகும். ஏழு நாள் ஆயுளில் இரண்டு நாளாவது ஓரிரவில் போய்விடும். அத்தகைய நாட்களில் போத்தலைப் பனிக்கட்டியிட்ட வெந்நீர்க்குடுவைக்குள் வைத்த தாய்மார் சிலர், அரேனியசின் பெயரை அறியாமலே அவர் சமன்பாட்டைக் கையாண்டனர். பனிக்கட்டி கிட்டாதோர் ஈரத்துணி சுற்றிய மட்பானையைப் பயன்படுத்தினர். அது குளிர்ப்பெட்டியாகாது, எனினும் சில பாகை குறைவதும் கணக்கிற் சேரும்.

விஞ்ஞான மாணவர் இதனைத் தம் கையாற் செய்து காண விரும்புவர். நுண்ணுயிர்க்கொல்லிகளைப் பாடசாலையிற் கையாளுதல் தகாது. கழுநீரோடு அவை மண்ணுக்குச் சென்று கிருமிகளைப் பழக்கும். விற்றமின் சீ வில்லை அதற்கு ஏற்ற பதில். சில வில்லைகளை நீரிற் கரைத்து மூன்று போத்தலில் ஊற்றி, ஒன்றைக் குளிர்ப்பெட்டியிலும், ஒன்றை இருண்ட அலுமாரியிலும், ஒன்றைச் சாளரத்து வெயிலிலும் வைக்க. நாள்தோறும் ஒவ்வொன்றிலும் ஒரே கனவளவை எடுத்து, மாப்பொருட் கரைசல் சில துளி சேர்த்து, நிலையான நீலம் தோன்றும்வரை அயடீன் துளிகளை எண்ணுக. துளி எண்ணே எஞ்சிய மருந்தின் அளவு. பத்து நாள் எண்ணி, நாளைக் கிடையாகவும் துளியை நிலையாகவும் வைத்து மூன்று கோடுகளை ஒரே தாளில் வரைக. வெயிற் போத்தலின் கோடு முதலிற் செங்குத்தாகவும் பின்னர்ச் சாய்வாகவும் இறங்கும். குளிர்ப்பெட்டிக் கோடு எத்தனையாம் நாளில் தொடக்க அளவின் நூற்றுக்குத் தொண்ணூறைத் தொடுகின்றதோ, அந்நாளே அப்போத்தலின் மேல் எழுதவேண்டிய திகதி.